அப்பாவுக்கு ஊற்றிய தேத்தண்ணி

தேத்தண்ணி என்பது தண்ணீர்க் கணக்கில் சேருமா, சேராதா? சிரிக்காதீர்கள். உங்களுக்கு இது வேலையில்லாத பேச்சு. எனக்கோ ஒன்பது வயதில் இந்தக் கேள்வியால் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அம்மாவின் சாக்குக் கொங்காணிக்குள் ஒண்டிக்கொண்டு மழைக்குத் தப்பி வளர்ந்தவர்கள் நாம். நம்மில் பாதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டீர்கள். மீதிப் பேர் பிள்ளைகள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிறீர்கள். மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வாசியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனுக்கு மேலே, பஸ் ஏற மறுத்த ஒரு மலையில் இருந்தது. அம்மா வேதக்காரி. இந்தியாவிலிருந்து வரும்போதே ஞானஸ்நானத்தோடு வந்த குடும்பம். அப்பா வேதத்தில் சேராதவர். இரண்டு பேரும் கொழுந்து எடுக்கிற மலையில் பார்த்து, பிடித்துப்போய், பெரியவர்களைச் சம்மதிக்க வைத்துக் கட்டிக்கொண்டவர்கள். தம்பிக்கும் எனக்கும் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு மட்டும் இல்லை. அதற்காக எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். குறுக்குப் பாதையில் அப்பாதான் முன்னால் நடப்பார், தோளில் தம்பி. எனக்கு வெள்ளை முக்காடு, ஈரத்தில் கால் வழுக்கும் செருப்பு, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் முன்னால் சாப்பிடக் கூடாதென்பதால் வெறும் வயிறு. பூசை முடிந்ததும் அப்பா வாங்கித் தரப்போகும் பனிஸ் ரொட்டியை நினைத்துக்கொண்டேதான் மலை இறங்குவேன். கோயில் வாசல் வந்ததும் அப்பா தம்பியை இறக்கிவிட்டு நின்றுவிடுவார்.

"நீங்க உள்ள போங்க. நான் கொடையெல்லாம் பாத்துக்கிறேன்."

ஹட்டன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எல்லோர் கையிலும் குடை இருக்கும். ஈரக்குடையோடு உள்ளே போனால் கோயில்பிள்ளை கத்துவார். சிவப்புச் சிமெந்துத் தரையைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பது அவர்தானே! வெளியே வைத்துவிட்டுப் போனால் குடை மாறிப்போகும், அல்லது காணாமலே போகும். அதனால் எங்கள் அப்பா தானாகவே குடைக்காவல் ஆகிவிட்டார். மூங்கில் பிடிக் குடை, கம்பி ஒடிந்த குடை, டீமேக்கர் ஐயா வீட்டுப் பூப்போட்ட குடை, எல்லாம் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அப்பா நிற்பார். பாதி உடம்பு கூரைக்குள், பாதி உடம்பு மழையில்.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, ஞானோபதேச வகுப்புக்குப் போகும்வரை.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்தான் உபதேசியாரும். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம், சட்டைப் பையில் எங்களுக்காகப் பல்லி மிட்டாய். நல்ல மனிதர். ஆனால் ஞானோபதேசம் என்று வந்துவிட்டால் சாட்டை எடுத்தது போலத்தான் பேசுவார்.

"ஞானஸ்நானம் எடுக்காதவை மோட்சத்துக்குப் போகேலாது, பிள்ளையள்."

நான் எழுந்து நின்றேன். "அப்ப எங்கப்பா?"

அவர் கொஞ்சம் இருமினார். "செபம் செய், பிள்ளை. உன்ரை கொப்பருக்கு மண்டைக்கனம். அது இறங்க வேணும்."

அப்பாவுக்கு மண்டைக்கனமா? மழையில் பாதி நனைந்துகொண்டு ஊரார் குடைக்கு நிற்கிற மனிதருக்கா? எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவர் தந்த மிட்டாயை வாங்கவில்லை. (மறுநாள் வாங்கிக்கொண்டேன்.)

அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார். சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் வந்துசேர நேரமில்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும். எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பரா அத்தையின் சீக்குக் கோழியை நானும் தம்பியும் பிடித்து வைத்துக் கழுவிப் பழகினோம். கோழி பிழைத்துக்கொண்டது. அத்தை மாரியம்மனுக்கு நேர்ந்ததால்தான் பிழைத்தது என்றாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது தேத்தண்ணிப் போத்தலுக்கு வருகிறேன்.

அப்பா மலையில் கான் வெட்டுகிறவர். மழைத்தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகாமல் வடிய, சரிவில் வெட்டி வைத்த ஓடைகள்தான் கான். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. தொரை பங்களாவிலிருந்து யாரோ கொடுத்த தடித்த கறுப்புப் போத்தல் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெயிலில் பிடித்தாலும் தெரியாது. பழைய கம்பளியில் அம்மா அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள், சூடு ஆறாமலிருக்க. வாயில் துணி சுற்றிய தக்கை. அந்தப் போத்தல் இப்போது எங்கே போயிற்றோ! வீட்டில் எத்தனையோ கண்ணாடிச் சாமான் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

அப்பா ஒரு வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு போத்தலை அண்ணாந்து குடிப்பார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி, தினமும் ஒரே வாசகம்.

"அடேயப்பா! சாயம் நல்லா ஏறியிருக்கு. ஒங்கம்மா கைக்கு எங்கேருந்துதான் வருதோ!"

நான் அதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே ஒப்பிப்பேன். அம்மா, "போடி, அவருக்கு வேற வேல இல்ல," என்பாள். முகம் மட்டும் சிவந்துபோகும்.

உலகத்துக்கே தேயிலை அனுப்பிய நமக்கு வீட்டில் கிடைத்தது கழிவுத் தூள்தான். அதுவும் மாதக் கடைசிக்கு டப்பா காலி. ஆனாலும் சாயம் வெளுத்த தேத்தண்ணியை விருந்தாளிக்குக் கொடுத்தால் எந்தப் பெண்ணுக்கும் மானம் போய்விடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்துக் காம்பரா அத்தையின் மகள் பெரியவளானாள். இறம்பொடையிலிருந்து தாய்மாமன் சீர்வரிசையோடு வந்தார். அவர் பின்னாலேயே ஒரு பெருங்கூட்டம். அடேயப்பா, என்ன சடங்கு! மேளம், பலகாரம், வந்தவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கக் கறுகறுவென்று தேத்தண்ணி. லயமே மணந்தது. நாங்கள் பிள்ளைகள் குடித்த குடியில் வயிறு தளும்பியது.

சடங்கு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. துணி காயவில்லை, விறகு எரியவில்லை, தம்பியின் மூக்கு நிற்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் திடீரென்று வெறித்து வெயில் அடித்தது. நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடினேன். தேயிலைச் செடியெல்லாம் கழுவிவிட்டது போல மின்னிக்கொண்டிருந்தது. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சரிவுக்குக் கீழே அடைத்துக்கொண்ட கானைத் திறந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அப்போது மேலே இருந்த கரை இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஒரு பெருமூச்சு விட்டாற்போல இறங்கியது. மற்ற இருவரும் பாய்ந்து தப்பிவிட்டார்கள். அப்பா மார்பு வரை மண்ணுக்குள் நின்றார். தலையிலும் முகத்திலும் சேறு. ஒரு கை மட்டும் வெளியே.

அவர்கள் கையால் தோண்டிப் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட மண் வந்து விழுந்தது. ஒருவர் ஆள் கூப்பிட லயத்துக்கு ஓடினார், மற்றவர் அலவாங்குக் கடப்பாரையும் பலகையும் எடுக்க ஸ்டோருக்கு ஓடினார்.

"பாப்பா, நீ தள்ளிப் போ. அம்மாகிட்ட ஓடு," என்றார் அப்பா.

நான் போகவில்லை. அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சாகப் போறீங்களாப்பா?"

"சேச்சே! மண்ணு சும்மா கட்டிப் புடிச்சிருக்கு. ஆளுங்க வந்து வெட்டிவிட்டா எந்திரிச்சு வந்துருவேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மேலேயிருந்து இன்னொரு கட்டி உருண்டு வந்து அவர் தோளில் மோதியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உபதேசியாரின் குரல் காதுக்குள் கேட்டது. ஞானஸ்நானம் எடுக்காதவை போகேலாது. அம்மா, நான், தம்பி மூன்று பேரும் உள்ளே, அப்பா மட்டும் வெளியே, எந்தக் காலத்துக்கும்! தண்ணீருக்கு எங்கே போவேன்? கானில் இருந்தது சேறு. ஆறு எங்கோ கீழே. அப்பாவின் கையை விட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு முடியவில்லை. மடியில் போத்தல் இருந்தது. அம்மா தண்ணீரைத்தானே கொதிக்க வைக்கிறாள்!

"அப்பா, மோட்சத்துக்கு எங்ககூட வர்றீங்களா?"

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"வர்றேன், ஆத்தா. ஒங்ககூட எங்கன்னாலும் வர்றேன்."

"அப்ப தலையக் குனிங்க."

குனிந்தார். நான் தக்கையைப் பல்லால் கடித்து எடுத்தேன். வார்த்தை தவறக் கூடாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊற்றினேன். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேராலே நான் உங்களைக் கழுவுகிறேன்." கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் சேறு கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அப்பா உதட்டை நக்கிக்கொண்டார்.

"பாப்பா, எல்லாத்தையும் ஊத்திராத. குடிக்கக் கொஞ்சம் வையி."

மிச்சத்தை வாயில் ஊற்றினேன். மார்பு வரை மண்ணில் புதைந்து நின்ற மனிதர் சப்புக்கொட்டினார். "சாயம் நல்லா ஏறியிருக்கு," என்றார்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? உபதேசியார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத் தோட்டத்து மண்வெட்டியோடு வந்து குதித்தார். மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மேலேயிருந்து சத்தம் போட, பலகை அடித்து மண்ணை நிறுத்தி, எல்லோருமாக அப்பாவை வெளியே இழுத்தார்கள். கால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு வந்த வழியெல்லாம் பெண்கள் மாரியம்மா என்றும் மாதாவே என்றும் மாறி மாறி அழுதார்கள், சிரித்தார்கள். அம்மா அப்பாவின் தலையைத் தொட்டாள், காலைத் தொட்டாள், திரும்பவும் தலையைத் தொட்டாள்.

அப்பா இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். "எம்மக என்னையத் தேத்தண்ணியில குளிப்பாட்டி மோட்சத்துக்கு டிக்கட்டு வாங்கிட்டா!" லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். உலகத்தில் என்னைப் போல் சந்தோசமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை.

"தேத்தண்ணியிலையோ குடுத்தனி? ஐயோ பிள்ளை! பால் ஆகாது, எண்ணெய் ஆகாது, கஞ்சி ஆகாது. தேத்தண்ணியும் ஆகாது. தண்ணியிலை எல்லோ குடுக்க வேணும்! தேயிலைச் செடியெல்லாம் மழைத்தண்ணி நிண்டதே, கையால ஒருக்கா வழிச்சு விட்டிருக்கலாமே! இது செல்லாது, பிள்ளை."

திட்டவில்லை அவர். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. தேயிலைச் செடியில் நின்ற தண்ணீர்! என் கண்ணுக்கு முன்னால் மின்னிக்கொண்டிருந்த தண்ணீர்!

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கோயில் சாமியார்கிட்டச் சொல்லி நல்ல தண்ணியில வாங்கிக்குங்கப்பா," என்று கெஞ்சினேன்.

"அங்க வேற கேள்வியெல்லாம் கேப்பாங்க பாப்பா," என்று அப்பா பேச்சை மாற்றினார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மாதத்துக்கு ஒரு முறை பங்குச் சாமி எங்கள் தோட்டத்துக்கு வந்து பள்ளிக்கூடத்தில் பூசை வைப்பார். வெள்ளைக்காரர், நெஞ்சு வரை தாடி. தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். அந்த முறை பூசை முடிந்ததும் உபதேசியார் அவரை எங்கள் காம்பராவுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே லயம் முழுவதும் வந்தது. வேதக்காரர், வேதத்தில் சேராதவர் என்ற பேதமில்லாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் காம்பரா அத்தைதான் முன்வரிசை. சாமி பலகைக் கட்டிலில் உட்கார்ந்தார். உபதேசியார் நடந்ததைச் சொன்னார்.

"குழந்தாய், பால் கலந்த தேநீரா?" என்று கேட்டார் சாமி.

"இல்லைங்க சாமி. வெறுந்தேத்தண்ணி."

சாமி தாடியைத் தடவினார். "பால் ஆகாது. குழம்பு ஆகாது. நல்ல தேநீரும் ஆகாது. உபதேசியார் சொன்னது சரிதான். ஆனால் மிகவும் மெலிந்து, தண்ணீரைப் போலவே இருந்தால், ஆபத்து வேளையில் செல்லும் என்று சொல்ல இடம் உண்டு. ஆகவே அந்தத் தேநீரின் சாயம் எப்படி இருந்தது?"

கூட்டம் இன்னும் ஓரடி உள்ளே நெருங்கியது. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேரும். சாயம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்பா அன்றைக்குச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல சாயம் என்றால் அப்பாவுக்கு மோட்சம் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "நல்ல சாயம்ங்க சாமி," என்றார். "எம் பொஞ்சாதி போடுற தேத்தண்ணிக்கு இந்த லயத்துல ஈடு கெடையாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

அப்போது அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"சாமி, அவரு பொய் சொல்றாரு."

"நீ சும்மா இரு புள்ள," என்றார் அப்பா.

"இருக்க மாட்டேன். சாமி, அந்த மாசம் டப்பாவுல தூளே இல்ல. போட்ட தூளையே திருப்பித் திருப்பிக் கொதிக்க வெச்சேன். அன்னைக்கு அதுவும் இல்ல. காலி டப்பாவுல தண்ணிய விட்டு அலசி, கொதிக்க வெச்சு ஊத்திக் குடுத்தேன். அது தேத்தண்ணியே இல்ல, சாமி. வெறும் சுடுதண்ணி. மழையில மண்ணு வெட்டுற மனுசனுக்கு நான் சுடுதண்ணி குடுத்துவிட்டேன்." ஊரார் முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அடிப் பாவி மதினி!" என்று அத்தை பாய்ந்து உள்ளே வந்தாள். "சடங்குக்குத் தூள் பத்தலேன்னு நான் வந்து நின்னப்ப, 'எங்க வீட்டுல நெறையா கெடக்கு'ன்னு சொல்லித்தானே முழுசாத் தூக்கிக் குடுத்த!" என்றவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அவளை விடச் சத்தமாக அழுதாள்.

சாமி அப்பா பக்கம் திரும்பினார். "இது உமக்குத் தெரியுமா?"

"வாயில வெச்சவனுக்குத் தெரியாதுங்களா? ரொம்ப நாளாத் தெரியும்." அப்பா தலையைச் சொறிந்தார். "அவ எனக்குன்னு போர்த்திக் கீர்த்திக் குடுத்துவிட்டது. அதைப் போயிக் கொறை சொல்றதா?"

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. மனைவியின் மானத்துக்காக அப்பா மோட்சத்தையே வேண்டாமென்று விட்டார். அவருடைய மோட்சத்துக்காக அம்மா தன் மானத்தை ஊரார் முன்னால் விட்டாள். அன்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் பிறகு கேட்டுவிட்டேன். எந்தப் பிரசங்கம் கேட்டாலும் அந்தக் காம்பராதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சாமியின் தாடி ஆடத் தொடங்கியது. பிறகு வயிறு. பிறகு வாய்விட்டே சிரித்தார். "உபதேசியாரே, சுடுதண்ணீர் தண்ணீர்தானா?"

உபதேசியார் நெற்றிச் சுருக்கம் விரிய, "ஓம் சாமி. தண்ணிதான். தண்ணியேதான்!" என்றார். பிறகு அவருடைய நேர்மை விடவில்லை. "ஒண்டு மட்டும். 'உன்னை' எண்டு சொல்ல வேணும். இவள் 'உங்களை' எண்டு சொல்லிப்போட்டாள்."

"பெற்ற தகப்பனை வேறு எப்படிச் சொல்வாள்?" என்றார் சாமி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடம் கேட்டார். "பெரியவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. மனமும் வேண்டும். இத்தனை காலம் நீர் ஏன் உள்ளே வரவில்லை?"

அப்பா எழுந்து நின்றார். இன்னும் வீக்கம் முழுக்க வடியாத காலை மெல்ல ஊன்றிக்கொண்டார்.

"கலியாணத்தப்ப முந்தின உபதேசியார் 'விசுவாசிக்கிறியா'ன்னு கேட்டாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்லி, பொய்யோட சாமி வாசப்படி ஏறலாமுங்களா? அதான் வெளியவே நின்னுக்கிட்டேன்."

மண்டைக்கனம் என்று எல்லோரும் நினைத்தது இதைத்தான். உபதேசியார் தரையைப் பார்த்தார். கடவுளிடம் ஒரு பொய் சொல்லத் துணியாத மனிதர், அம்மாவைப் பற்றி மட்டும் தினம் ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் சப்புக்கொட்டி!

"இப்போது?" என்றார் சாமி.

"இப்பவும் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. மண்ணுக்குள்ள நிக்கிறப்ப எம்மக 'கூட வர்றீங்களா'ன்னு கேட்டா. எல்லாரும் ஓடிட்டாங்க, இவ மட்டும் கைய விடல. ஒங்க சாமி அப்படித்தான் இருப்பாருன்னா, வர்றேன்னு சொன்னது பொய்யில்லீங்க."

சாமி எழுந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். "அது போதும்," என்றார். "நானும் அவ்வளவுதான் அறிந்திருக்கிறேன்."

நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன், வீங்கின காலை. அவர் வலியில் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணன் மோட்சம் போறதே எம்மக சடங்காலதான்!" என்று அத்தை பெருமையடித்துக்கொண்டாள். சாகும்வரை அடித்துக்கொண்டாள். மாரியம்மனுக்கும் அதில் பங்கு உண்டென்று சொல்வாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை மட்டும் மிச்சமிருந்தது. "ஆனா சாமி, நானும் உள்ள வந்துட்டா கொடையெல்லாம் யாரு பாத்துக்குவா?"

"மோட்சத்தில் மழை பெய்யாது," என்றார் சாமி. "அங்கே நீர் உள்ளேதான் உட்கார வேண்டும். ஹட்டனிலேயே பழகிக்கொள்ளும்."

அடுத்த ஞாயிறு கொட்டோ கொட்டென்று மழை. மீதிச் சடங்குகளைச் செய்து முடிக்கச் சாமி அப்பாவை வரச் சொல்லியிருந்தார். அப்பா குளித்து, புது வேட்டி கட்டி வந்தவர், கோயில் வாசலில் பழக்கதோசத்தில் நின்றுவிட்டார். வருகிறவர்களும் பழக்கதோசத்தில் அவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு கையிலும் குடை, கக்கத்தில் குடை. மணி அடித்தாயிற்று, அப்பா அசையவில்லை. பூசை உடுப்போடு சாமியே வாசலுக்கு வந்தார். அப்பாவின் கக்கத்திலிருந்து இரண்டு குடையைத் தான் வாங்கிக்கொண்டார்.

"வாரும். குடைகளும் வரட்டும்."

சாமி முன்னால், அப்பா பின்னால், குடைக் கட்டுகளோடு நானும் தம்பியும் அவருக்குப் பின்னால். சொட்டச் சொட்ட நடுவழியே நடந்தோம். பளபளத்த சிவப்புத் தரை முழுவதும் தண்ணீர் ஓடியது. கோயில்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுக்காரர்கள் சிரிப்பில் சுருதியை விட்டார்கள். அப்பா முதல் தடவையாக எங்களோடு உட்கார்ந்தார், காலடியில் ஊரார் குடையெல்லாம். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள் செபம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

அப்பாவும் அம்மாவும் போய் ரொம்பக் காலமாகிறது. மோட்சத்தில் மழை இல்லை என்று சாமி சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். உள்ளே இடம் கிடைத்திருந்தாலும் அவர் வாசலுக்கு வந்து நின்றிருப்பார், யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. என் வயதுக்காரர்களே, நீங்களும் அந்தப் பக்கம்தானே வரப்போகிறீர்கள்? கையில் குடை இருந்தால் கூச்சப்படாமல் அவரிடம் கொடுங்கள், பத்திரமாக வைத்திருப்பார். தேத்தண்ணி மட்டும் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். சாயம் நன்றாக ஏறியிருக்கிறது என்றுதான் சொல்வார்.